இரண்டாவது ஹெரால்டு

லெனோர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் நெற்றிக்கு நாலு விரல் மேலே, அங்கே இன்னொரு ஜோடிக் கண்கள் இருப்பதுபோல, அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாள்.

முதல் நாள் ஒத்திகையில் வெர்னன் டாஸ்கர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடமாக ஒரே ஆளோடு புருஷன் பெண்டாட்டியாக நடித்தவள் அவள். அந்த ஆள், கிளைட் மெர்சர், இவனைவிட நாலு விரல் உயரம். பழக்கதோஷம், போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான். இரண்டாம் வாரம் இயக்குநர் மார்ட்டி சொல்லி அவன் காலணிக்குள் தக்கை வைத்துக் கொடுத்தார்கள். இப்போது அவன் கிளைட்டின் உயரத்துக்கே வந்துவிட்டான். லெனோரின் பார்வையும் அதே நாலு விரல் மேலே ஏறிக்கொண்டது.

'பிம் வீடு' நாடே ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கும் நகைச்சுவைத் தொடர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அசட்டு ஹெரால்டு பிம், அவனைக் கண்ணசைவில் ஆட்டிவைக்கும் மனைவி டாட்டி, அவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு பர்பாங்க் ஸ்டூடியோவில் முந்நூறு பேரை உட்காரவைத்து, முன்சுவர் இல்லாத அந்த வீட்டில் மூன்று கேமராக்களுக்கு முன்னால் நாடகம்போல நடித்துப் பதிவு செய்வார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு கிளைட் நின்றுவிட்டார். முதுகுவலி என்றது பத்திரிகை. ஜனவரியில் அதே கதவைத் திறந்துகொண்டு, அதே பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெர்னன் உள்ளே வந்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் மாறியதைக் கதையில் யாரும் கவனிக்கக் கூடாது. மனைவிக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, நாய்க்குக்கூடத் தெரியாது. எப்போதும் இவன்தான் இருந்தான் என்பதுபோல எல்லோரும் நடந்துகொண்டால், ஜனங்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு மூன்றாவது வாரம் மறந்துவிடுவார்கள். போன ஆளின் பேரைத் தளத்தில் எடுக்க மாட்டார்கள். வெர்னனுக்கு இந்த வழக்கத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. வேலை கிடைத்தவனுக்கு எதில்தான் குறை தெரியும்?

ஆனால் ஜனங்கள் சிரிக்கவில்லை. ஒரு சிரிப்பு வசனத்தைச் சொல்லிவிட்டு, அது வரவேண்டிய இடத்தில் வராமல், விளக்குகளின் ரீங்காரமும் மேலே குழாய்களில் காற்று ஓடும் சத்தமும் எங்கோ ஒரு பெண்மணி கைப்பையைத் திறந்து மூடும் சத்தமும் மட்டும் காதில் விழ, முந்நூறு பேர் இருட்டில் மரியாதையாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமை அப்படி நின்றான்.

"நீ மோசமா நடிக்கலப்பா. மோசமா நடிச்சாலாவது அதப் பாத்துச் சிரிப்பாங்க," என்றார் மார்ட்டி. கிழவர் முப்பது வருடமாக மனிதர்களைச் சிரிக்க வைத்துத் தான் சிரிக்க மறந்தவர். "அவளுக்கும் உனக்கும் நடுவுல கெமிஸ்ட்ரி இல்ல ராசா. அவ வேற யார்கூடயோ பேசறா, நீ குறுக்க நிக்கற. பாக்கறவனுக்குத் தெரியுதுல்ல."

"அவங்க என்னைப் பாத்துப் பேசினா சரியாயிடும் சார்."

"நான் சொன்னேன். உன்னத்தான் பாக்கறேன்கறா. நெஜமாவே அப்படி நெனச்சுக்கிட்டிருக்கா. இன்னும் ஒரு வாரம் தரேன். அப்பறம் மேல இருக்கறவங்க மூணாவது ஹெரால்டத் தேடிருவாங்க. ஸ்வெட்டர் ஒண்ணுதான், போடற ஆளு மாறலாம், பாத்துக்க."

அன்று மாலை வீடு திரும்புகையில் வெர்னன் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வேலை போவது அவனுக்குப் புதிதல்ல. பத்து வருடத்தில் நாற்பது வேலை போயிருக்கிறது. ட்ரூடிதான் பிரச்சினை. ஒன்பது வயது மகள். விவாகரத்தான மனைவி பெர்னிஸ் பிப்ரவரி மாதம் ஓஹையோவில் வேலைக்குப் போகிறாள். ட்ரூடிக்கு அப்பாவிடம் இருக்கத்தான் ஆசை, பெர்னிஸும் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொல்லிவிட்டார். நிலையான வேலை இருந்தால் குழந்தை இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் ஓஹையோ. இரண்டாயிரம் மைல். வருடத்துக்கு ஒரு தரம் பார்த்தால், குழந்தைக்கு அப்பாவின் முகம் எத்தனை நாள் நினைவிருக்கும்? அதை நினைத்தால் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சனிக்கிழமை அவன் உடைப் பொறுப்பாளர் மிஸஸ் குவின் வீட்டுக்குப் போய், கிளைட்டின் முகவரியைக் கேட்டுக் கெஞ்சினான். அவள் அந்தப் பேரை வாயால் சொல்லாமல், ஒரு துண்டுத்தாளில் முகவரியை எழுதி அவன் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெசீடாவில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவின் கடைசியில் கிளைட் மெர்சர் குடியிருந்தார். கதவைத் திறந்தவர் வெர்னன் வயதுக்காரர்தான். தொலைக்காட்சியில் பார்த்த முகம், ஆனால் அதில் ஏதோ அழிந்திருந்தது. மூக்கும் வாயும் அதனதன் இடத்தில்தான் இருந்தன. அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் முகம் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளிறிய சதுரங்களாகத் தெரிந்தன, படங்கள் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையின் வாசனை.

"வாங்க வெர்னன். அவ உங்களைப் பாக்க மாட்டேங்கறா, அதானே?"

"எப்படித் தெரியும்?"

"அவ பாக்கற ஆளு நான். எனக்குத் தெரியாம?" சிரித்தார். "உக்காருங்க. எல்லாம் சொல்லித் தரேன். நடை, பேச்சு, எந்த எடத்துல எத்தன மூச்சு விடணும், எல்லாம். ஆனா எனக்கும் ஏதாவது குடுத்துட்டுப் போங்க."

"என்ன வேணும் சொல்லுங்க."

"காசெல்லாம் வேணாம். ஆறு வருஷமா ஹெரால்டா எந்திரிச்சு ஹெரால்டா படுத்தேன். அத உங்ககிட்ட குடுத்துட்டா எனக்கு வேஷம்னு ஒண்ணும் இல்ல. நடிகனுக்கு வேஷம் இல்லாம இருக்க முடியுமா? நீங்க ஒரு ஆளச் சொல்லுங்க. நெசமான ஆளு. சும்மா, பயிற்சிக்கு."

"யாரச் சொல்ல?"

"ட்ரூடியோட அப்பா."

அவள் பேரை அவரிடம் சொன்னதாக வெர்னனுக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன், வாயைத் திறந்தால் அவள் பேச்சுத்தானே என்று சமாதானம் செய்துகொண்டான்.

மூன்று மணிநேரம் பேசினார்கள். கிளைட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார், ஒரு கேள்வி கேட்பார். டாட்டி ஏதாவது சொன்னதும் பதில் பேசாமல் மனசுக்குள் இரண்டு எண்ண வேண்டும், அந்த இரண்டில்தான் ஜனங்கள் சிரிக்கத் தொடங்குவார்கள் என்றார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, ட்ரூடிக்குக் காலையில் என்ன செய்து கொடுப்பீர்கள் என்றார். ரொட்டியை வாட்டி, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி, ஓரம் நீக்கி நாலு முக்கோணமாக வெட்டுவேன் என்றான் வெர்னன். எந்தக் கையில் கத்தி? அவள் எந்தப் பக்கம் உட்காருவாள்? தூங்க வைக்கையில் கட்டிலில் உட்காருவீர்களா, தரையிலா? தான் இட்டுக்கட்டிய பாட்டு ஒன்றுண்டு, வாத்து பஸ் ஓட்டுகிற பாட்டு என்று வெட்கத்தோடு சொன்னான். பாடச் சொன்னார். பாடினான். கிளைட் வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகள் போட்டுக்கொண்டார், வசனத்தாளில் நிறுத்தங்களைக் குறிப்பதுபோல.

உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது பிடித்திருந்தது. பத்து வருடமாக அவனைப் பற்றி யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கிளம்பும்போது நன்றி சொல்லிக் கைகொடுத்தான். வாசல் நிலைக்குள் நின்ற கிளைட்டின் முகம் வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை டாட்டி முதல் வசனத்தைச் சொன்னாள். வெர்னன் இரண்டு எண்ணினான். சிரிப்பு வந்தது. இருட்டிலிருந்து ஒரு சுவர் சரிந்து விழுவதுபோல வந்தது. லெனோரின் கண்கள் மெதுவாக, நாலு விரல் கீழே இறங்கி, அவன் கண்களில் வந்து நின்றன. "வந்துட்டீங்களா," என்றாள் அவள், வசனத்தில் இல்லாத வார்த்தை, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பதிவு முடிந்ததும் மார்ட்டி அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். முழு வருட ஒப்பந்தம் திங்கட்கிழமை கைக்கு வரும் என்றார். வெர்னன் ஒப்பனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதான். தலை தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ட்ரூடி வந்தாள். வடக்கு ஹாலிவுட்டில் இரண்டாவது மாடியில் அவனுடைய சின்னக் குடியிருப்பு. வாரத்துக்கு ஒரு நாள், நாலு மணிநேரம். ரொட்டியை வாட்டினான். கத்தியை எடுத்தான். நின்றான்.

"அப்பா, நாலா வெட்டு," என்றாள் ட்ரூடி.

"தெரியும்டி." தெரியவில்லை. அவள் சொன்ன பிறகும், சொன்னது யாரோ வேறு ஒருவர் வீட்டுப் பழக்கம்போல இருந்தது. வெட்டிக் கொடுத்தான். சோபாவில் அவளைச் சாய்த்துக்கொண்டு பாட்டைத் தொடங்கினான். வாத்து பஸ்ஸில் ஏறியது. அதற்கு மேல் வரவில்லை. தன் வாயிலிருந்து பிறந்த பாட்டு, ஐந்து வருடமாகப் பாடிய பாட்டு, இரண்டாவது வரி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நேத்து போன்ல முழுசாப் பாடினியே," என்றாள் ட்ரூடி.

"நேத்து நான் போன் பண்ணலியேம்மா."

"பண்ணின. தெனமும்தான் பண்ற." அவள் ரொட்டியின் சர்க்கரையை நக்கினாள். "போன்லதான் நீ இப்ப நல்லாப் பேசற. நேர்ல ஒரு மாதிரி, சொன்னது வெளங்காத மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டுப் பேசற."

அறைக்குள் நல்ல வெயில் அடித்தது. அவனுக்குக் குளிர்ந்தது.

பெர்னிஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிப் பார்த்தான். "யாரோ ஒருத்தன் என் குரல்ல ட்ரூடிகிட்ட பேசறான் பெர்னிஸ்."

"வெர்னன், புதன்கிழமை கோர்ட்டு. நீ இப்ப சொன்னத நான் காதுல வாங்கல. அங்க வந்து இந்த மாதிரி ஒளறிடாத." போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. போலீசுக்குப் போனாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், இதைச் சொன்னால் எந்த நீதிபதி குழந்தையைக் கொடுப்பார்? வாயை மூடிக்கொண்டான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கிளைட்டின் எண்ணைச் சுற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை நீதிபதி ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் பெர்னிஸ் போகிறாள். அவன் படப்பிடிப்பில் இருப்பான் என்பதால் ஐந்து மணிக்கு அவளே ட்ரூடியைக் குடியிருப்பில் கொண்டுவந்து விடுவதாகவும், எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில் சாவியை பெர்னிஸிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அன்று மாலையே கடைக்குப் போய் ட்ரூடிக்கு ஒரு கட்டில் வாங்கி, ஜன்னலோரம் போட்டான். போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஒத்திகை சீக்கிரம் முடிந்தது. ரெசீடாவுக்குப் போனான்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. மேசை இல்லை. நாற்காலிகள் இல்லை. பூட்டிக் கிடந்த வாசனை போய், வாட்டிய ரொட்டியும் பட்டைத்தூளும் மணத்தது. கூடத்தின் மரத்தரை முழுக்க மஞ்சள் ஒட்டுநாடா.

அவனுக்கு அது என்னவென்று உடனே புரிந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புரியும். வீட்டுக் காட்சி தயாராகும் முன்னால், வெறும் அறையில் ஒத்திகை பார்க்க, சுவர் எங்கே, கதவு எங்கே, மேசை எங்கே என்று தரையில் நாடா ஒட்டிக் காட்டுவார்கள். நடிகர்கள் இல்லாத கதவைத் திறந்து, இல்லாத நாற்காலியைச் சுற்றி நடந்து பழகுவார்கள். வெர்னன் நாடாவைத் தாண்டி உள்ளே வந்தான். இது சமையலறை. நாலடி. இது அடுப்பு. இது சோபா, மூலையில் கோணலாக, ஏனென்றால் அதன் ஒரு கால் உடைந்தது. குளியலறைக்குத் திரும்பும் இடுக்கு. அவன் வீடு. அங்குலம் பிசகாமல் அவனுடைய வீடு. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே தரை தேய்ந்திருந்தது. இரவும் பகலுமாக யாரோ நடந்திருந்தார்கள்.

ஜன்னல் பக்கம் போனான். அங்கே ஒரு நீள்சதுரம். புது நாடா. ட்ரூடியின் கட்டில்.

அது வாங்கி ஒரு நாள் ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிக் காருக்கு வந்தான் என்று தெரியாது. ஸ்டூடியோவுக்குத் திரும்பி, லெனோரின் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினான். பெர்னிஸைப் போல அவள் இவனைப் பைத்தியம் என்று நினைக்க மாட்டாள், ஆறு வருடம் கூட இருந்தவள், அவளுக்கு அந்த ஆளைத் தெரியும்.

"லெனோர், கிளைட் எப்படிப்பட்டவர்? உண்மையச் சொல்லுங்க. வழக்கம் கிழக்கம் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். "யாரு?"

"கிளைட் மெர்சர். ஹெரால்டா நடிச்சவர்."

"ஹெரால்டா நீங்கதானே நடிக்கறீங்க."

"எனக்கு முன்னாடி."

"என்ன வெளையாட்டு இது? ஆறு வருஷமா உங்க கூட மல்லுக்கட்டறேன், இன்னிக்கி வந்து யாரு யாருன்னு கேக்கறீங்க." அன்போடுதான் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய்யாக இருக்கக் கூடாதா என்று அவன் அந்த முகத்தில் தேடினான். அவள் பின்னால் சுவரில், முதல் வருடப் பரிசளிப்பு விழாப் படம் மாட்டியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பழுப்பு ஸ்வெட்டரில், பல் தெரிய நின்றவன் வெர்னன்.

அந்த வருடம் அவன் ஓக்லாந்தில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தான்.

இரவெல்லாம் யோசித்து ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வேஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிரிப்பு வராமல் செய்தால் அவனை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அவன் வெறும் வெர்னன் டாஸ்கர் ஆகிவிடுவான், வேலை இல்லாதவன், ட்ரூடியின் அப்பா. ஓஹையோ போனால் போகட்டும். இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்தாலும் அவள் அவனுடைய மகளாக இருக்கட்டும். இவ்வளவுக்கு இறங்கி வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒரு கேமரா பழுதாகிப் பதிவு நாலரை மணிக்குத்தான் தொடங்கியது. விளக்குகள் ஏறின. ஹெரால்டு கதவைத் திறந்துகொண்டு வந்தான். டாட்டி கேட்டாள், "எங்க போயிட்டு இவ்வளவு நேரம்?"

அவன் இரண்டு எண்ணவில்லை. வசனத்தையே பேசவில்லை. சும்மா நின்றான்.

சிரித்தார்கள்.

அவன் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் போட்டிருந்த குறியை விட்டு விலகி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான். சிரித்தார்கள். லெனோர் சமாளித்துக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொன்னாள். அவன் ஸ்வெட்டரைக் கழற்ற முயன்றான். அது கழுத்தில் மாட்டிக்கொண்டது. கம்பளிக்குள், அந்தப் புழுக்கத்துக்குள், வேறு ஒருவரின் பழைய வேர்வை வாசனைக்குள் நின்றபடி அவர்கள் சிரிப்பதைக் கேட்டான். கால்களைத் தரையில் உதைத்துச் சிரித்தார்கள். தலையை வெளியே இழுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தான். இருட்டில் முகங்கள் தெரியவில்லை. பற்கள் மட்டும்.

"நான் ஹெரால்டு இல்ல," என்றான். "என் பேரு வெர்னன் டாஸ்கர். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. சிரிக்காதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், சிரிக்காதீங்க."

அந்தத் தொடரின் ஆறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை என்று மார்ட்டி பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது அடங்கவே இல்லை. அவன் நடுவிலேயே இறங்கி, கேமராக்களுக்கு நடுவே ஓடி, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு வந்தான். அதற்கும் சிரித்தார்கள். கதவு மூடிய பிறகும் கேட்டது.

ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம்.

சாலை நெரிசல். முன்னால் ஒரு பால் லாரி. வண்டியின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான், ஒப்பனை வழிந்து காலருக்குள் இறங்கியிருந்தது. பக்கத்துக் காரில் ஒரு பெண் இவனைக் கண்டு, கணவனின் தோளைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். சிவப்பு விளக்கு. பச்சை. மறுபடி சிவப்பு. என் மகள் பேர் ட்ரூடி, என் மகள் பேர் ட்ரூடி என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒரு இடத்தில், தொடரில் ஹெரால்டுக்கு இருக்கும் மகனின் பேர் வாயில் வந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

ஐந்தே கால். பெர்னிஸின் கார் வாசலில் இல்லை. வந்துவிட்டுப் போய்விட்டாள். படி. இன்னொரு படி. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள், இவனைக் கண்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அட, யாரு," என்றாள் மகிழ்ச்சியோடு. அவளிடம் நிற்கவில்லை. சாவி பெர்னிஸிடம் போய்விட்டது. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

உள்ளே சின்னக் காலடிகள் ஓடி வந்தன. ட்ரூடிதான். பத்திரமாக இருக்கிறாள். கதவு திறந்தது. அவள் அவனை அண்ணாந்து பார்த்தாள். நெற்றிக்கு மேலே இல்லை, சரியாக அவன் கண்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ட்ரூடி," என்றான். "ட்ரூடி, வா, போயிடலாம்."

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "அப்பா, சீக்கிரம் வா. டிவில வர்ற ஹெரால்டு அங்கிள் வந்திருக்கார்."

சமையலறையிலிருந்து ஒரு ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாலடி. பார்க்காமலே மேசை மூலையைச் சுற்றி வந்தான், இடுப்பு படாமல். கோணல் சோபாவின் காலில் இடறாமல் ஒரு எட்டு பெரிதாக வைத்தான். வாசலுக்கு வந்து, ட்ரூடியின் தோளில் கை வைத்தான். அவள் அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவன் முகம் முழுமையாக இருந்தது. களைத்த, நல்ல, ஒரு குழந்தையின் அப்பா முகம்.

"வாங்க சார்," என்றான். வெர்னனின் குரல். "ஞாயித்துக்கிழமை தவறாம பாப்போம். இவளுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்."

"அது நான்," என்றான் வெர்னன். "ட்ரூடி, என்னப் பாரு. நான்தான்டி அப்பா."

ட்ரூடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னால் எதிர்வீட்டு அம்மாளும் சிரித்தாள். கீழே படிக்கட்டில் யாரோ. மாடியில் யாரோ.

அவன் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அவள் பிறந்த ஆஸ்பத்திரி. அவள் முதலில் பேசிய வார்த்தை. அதைச் சொன்னால் நம்புவாள். வாயைத் திறந்தான். ஒன்று, இரண்டு என்று தானாக எண்ணியது மனசு. எண்ணி முடித்தபின் அங்கே எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, வார்த்தை இல்லை, காப்பீட்டு அலுவலகம் இருந்தது, டாட்டி இருந்தாள், நாய் இருந்தது.

ட்ரூடி உள்ளே ஓடிப்போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க அங்கிள். என் பேரையும் எழுதுங்க, அப்பத்தான் ஸ்கூல்ல நம்புவாங்க." அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றதைப் பார்த்து, தெரியாதவருக்குப் புரிய வேண்டுமே என்று, அவள் தன் பேரை நிதானமாக இரண்டு தடவை சொன்னாள்.